ஹாப்கின்ஸ்: நம்பிக்கையும் எதிர்நோக்கும்

1

போன மாதம் நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் கூடியபோது ஹாப்கின்ஸ் பெயர் அடிபட்டது. வழக்கம்போல ஐந்தாறு பேர்தான். அவர்களில் ஒருவர், நல்ல கவிஞர், இந்தப் பத்திரிகையிலும் எழுதுகிறவர், ஹாப்கின்ஸிடம் தேறுவது கடைசிக்கால இருண்ட ஸானெட்டுகள் ஆறு மட்டுமே, மீதியெல்லாம் பிரசங்கம், பாதிரி தோற்ற இடத்தில்தான் கவிஞன் பிறந்தான் என்றார். யாரும் மறுக்கவில்லை. நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பதில் இல்லாமலில்லை. ஆரம்பித்தால் அது ஹாப்கின்ஸோடு நிற்காது என்று தெரிந்திருந்தது. அதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நண்பர் சொன்னதற்குப் பின்னால் நம் வட்டத்தில் எவரும் கேள்வி கேட்காத ஒரு மதிப்பீடு இருக்கிறது. ஒரு கவிதை இருட்டில் முடிந்தால் அது நேர்மையானது. வெளிச்சத்தில் முடிந்தால் எங்கோ சமரசம் நடந்திருக்கிறது. விரக்திக்கு நாம் சாட்சி கேட்பதில்லை. நம்பிக்கையிடம் மட்டும் ரசீது கேட்கிறோம். இருபது வரிக் கவிதையில் கடைசி வரி சூன்யத்தைத் தொட்டுவிட்டால் முந்தின பத்தொன்பது வரிகளையும் மன்னித்துவிடுகிறோம். நானும் அப்படிச் சில கவிதைகளைப் புகழ்ந்து எழுதியிருக்கிறேன்.

எதிர்ப்பக்கத்தையும் எனக்குத் தெரியும். தென்மாவட்டத்துப் புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவன் நான். சாவு வீட்டில் சொல்லப்படும் வார்த்தைகள் எனக்குப் பால்பாடம். கர்த்தருக்குச் சித்தம், தோட்டக்காரர் தமக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார், அவர் நம்மைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வார். சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்; மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த வார்த்தைகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. சொல்கிறவர் துக்கத்துக்கு வெளியே நிற்கிறார்.

கிறிஸ்தவ நம்பிக்கை என்ற ஒன்று இலக்கியத்தில் உண்மையாக நிற்க முடியுமா, முடியுமானால் எந்த இடத்தில், எந்தக் குரலில் என்பதுதான் என் கேள்வி. ஹாப்கின்ஸை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. மற்றவர்களின் துன்பத்தின்மேல் நம்பிக்கையைப் பேசிய கவிதை, நோயாளியின் அருகில் உட்கார்ந்து எழுதிய கவிதை, தன் துன்பத்துக்குள் கிடந்து எழுதிய கவிதைகள் என்று மூன்றும் அவரிடம் உண்டு. 1875, 1880, 1885 என்று ஏறக்குறைய ஐந்தைந்து வருஷ இடைவெளியில் அவை எழுதப்பட்டிருக்கின்றன. ஒரே மனிதன், ஒரே விசுவாசம். ஆனால் நம்பிக்கை மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பேசுகிறது. மொட்டைமாடியில் தப்பிப்போனது இந்த வித்தியாசம்தான்.

2

ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் பிறந்தது 1844இல். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போதே, 1866இல், நியூமன் மூலம் கத்தோலிக்கரானார். 1868இல் சேசு சபையில் சேர்ந்தபோது அதுவரை எழுதிய கவிதைகளை எரித்துவிட்டார். கவிதை எழுதுவது தன் அழைப்புக்குப் பொருந்தாது என்று தானே தீர்மானித்துக்கொண்டு ஏழு வருஷம் ஏறக்குறைய மௌனமாக இருந்தார். அந்த மௌனத்தைக் கலைத்தது ஒரு விபத்துச் செய்தி.

1875 டிசம்பரில் பிரேமனிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்ட 'டாய்ச்லாண்ட்' என்ற கப்பல் பனிப்புயலில் தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அப்பால் கென்டிஷ் நாக் என்னும் மணல்திட்டில் தட்டி நின்றது. ஒரு நாளுக்கு மேல் உதவி வரவில்லை. இறந்தவர்களில் ஐந்து பேர் பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரீகள். பிரஷ்ய அரசு கத்தோலிக்கச் சபைகளுக்கு எதிராகக் கொண்டுவந்த ஃபால்க் சட்டங்களால் நாட்டைவிட்டு வெளியேறியவர்கள். ஹாப்கின்ஸ் அப்போது வேல்ஸில் செயின்ட் பியூனோ கல்லூரியில் இறையியல் மாணவர். இதைப்பற்றி யாராவது ஒரு கவிதை எழுதினால் நன்றாயிருக்கும் என்று தலைமைக் குரு சொன்னதையே அனுமதியாக எடுத்துக்கொண்டு எழுதினார். 35 பாடல்கள். சேசு சபையாரின் 'தி மந்த்' பத்திரிகைகூட அதைப் பிரசுரிக்கத் தயங்கித் திருப்பிவிட்டது.

அந்தக் கவிதையின் மொழிவீச்சைப்பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அசைகளை எண்ணாமல் அழுத்தங்களை மட்டும் எண்ணும் புது லயத்தை அவர் முதன்முதலாக முழுவீச்சில் கையாண்டது அதில்தான். வேல்ஸ் மொழி கற்று, அந்த மொழிக் கவிதையின் மெய்யெழுத்து ஒத்திசைவுகளை ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்தார். மோனையும் எதுகையும் காதில் ஊறிய நமக்கு அவர் அவருடைய சமகால ஆங்கிலேயர்களுக்கு இருந்த அளவு அந்நியமாக இருக்கமாட்டார் என்பது என் அபிப்பிராயம். பி.ஏ. படித்த காலத்தில் பாதி புரியாமலே அதை உரக்க வாசித்துக்கொண்டு விடுதி வராந்தாவில் நடந்திருக்கிறேன். என்னை அப்போது இழுத்தது அதன் உறுதி. கப்பலையும் கடலையும் பிணங்களையும் ஒரே பிடியில் தூக்கி, இவ்வளவுக்கும் ஒரு அர்த்தம் உண்டு என்று முழங்கும் உறுதி.

இப்போது வாசிக்கும்போது வேறு சில இடங்களில் நிற்கிறேன். கவிதையின் நடுவில் ஹாப்கின்ஸ் ஒரு வாக்குமூலம் தருகிறார். அவர்கள் புயலின் கையில் இருந்த அந்த இரவில், தான் தொலைவில், வேல்ஸ் மலைப்பக்கத்தில், ஒரு கூரைக்கு அடியில் இளைப்பாறிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். அதைச் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பிரசங்கி மட்டுமாக இருந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார். நான் கரையில் இருந்தேன் என்ற குற்றவுணர்வு, கவிதை முழுவதற்கும் அடியில் ஓடுகிறது. அடுத்து, உயரமான அந்தக் கன்னியாஸ்திரீ கிறிஸ்துவைக் கூவி அழைத்தாளே, அவள் அப்போது எதைக் கண்டாள் என்று சொல்ல முயலும் இடத்தில் வாக்கியமே உடைகிறது. தொடங்குகிறார், நிறுத்துகிறார், வார்த்தையைத் தேடுகிறார். இதை வெறும் உத்தியாக என்னால் பார்க்க முடியவில்லை. கூரைக்கடியில் இருந்தவனுக்கு அந்தக் கடைசி நிமிஷம் எட்டவில்லை.

மூன்றாவது, நம் நண்பர் பிரசங்கம் என்று ஒதுக்கும் இடம். கன்னியாஸ்திரீகளுக்கு அவர்களுடைய விசுவாசம் இருந்தது. ஆறுதல் எதுவும் இல்லாமல் மூழ்கிய மற்றவர்கள்? அவர்களை நினைத்து ஹாப்கின்ஸ் கேட்கிறார், இந்தச் சிதைவு ஓர் அறுவடையா, புயல் உனக்குத் தானியம் சுமந்து வருகிறதா என்று. பல வருஷங்கள் நான் இதை ஒரு கூற்றாகவே நினைவில் வைத்திருந்தேன். திரும்ப எடுத்துப் பார்த்தபோது அங்கே கேள்விக்குறி இருந்தது. ஆச்சரியமாயிருந்தது. பிரசங்கம் என்று ஒதுக்குகிறவர்களும் பிரசங்கமாக எடுத்துக்கொண்டு புல்லரிக்கிறவர்களும் அந்தக் கேள்விக்குறியை ஒன்றுபோலத் தாண்டிவிடுகிறோம்.

இருந்தும் என் புகார் தீரவில்லை. கேள்வியைக் கேட்ட வேகத்திலேயே கவிதை மேலேறிவிடுகிறது. முடிவில் இங்கிலாந்தின் மனமாற்றம்வரை போய்விடுகிறது. இன்னொன்றும் உண்டு. கப்பலின் பெயர் கவிதையில் இருக்கிறது. லூத்தர் இருக்கிறார். புனித பிரான்சிஸ் இருக்கிறார். இறந்த ஐந்து பெண்களில் ஒருவர் பெயர்கூட இல்லை. அவர்கள் ஐந்து என்ற எண்ணாகவும், அந்த எண் கிறிஸ்துவின் ஐந்து காயங்களாகவும் ஆகிவிடுகிறார்கள். படிமம் என்ற அளவில் பிரமாதம். இறந்தவள் என் அக்காவாக இருந்தால் அந்தப் படிமத்தை நான் எப்படி எடுத்துக்கொள்வேன் என்று தெரியவில்லை. மற்றவர்களின் சாவுக்கு அர்த்தம் கொடுக்கும் வேலையில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. அர்த்தம் கிடைத்துவிடுகிறது, ஆள் போய்விடுகிறான்.

3

இந்த ஆபத்தை நான் ஹாப்கின்ஸிடமிருந்து கற்கவில்லை. இருபத்திரண்டு வயதில், எங்கள் ஊர்ச் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் நான் முன்வரிசைக்காரன். நன்றாக ஜெபம் பண்ணுவேன் என்று பெயர். லாரி ஓட்டும் ஒருவரின் மகன், பத்து வயதுப் பையன், குளத்தில் மூழ்கி இறந்துபோனான். மூன்றாம் நாள் நாலைந்து பேராக அவர் வீட்டுக்குப் போனோம். பேசியது நான். அந்தக் கப்பல் கவிதையின் வேகம் அப்போது எனக்குள் இருந்தது. தண்ணீரும் மீட்பும் அறுவடையும் என்று ஏதேதோ கோத்துச் சொன்னேன். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். அவர் முழுக்கக் கேட்டார். நான் முடித்ததும் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "சாப்டியளா தம்பி?" என்று கேட்டார்.

அவர் மனசு வேறெங்கோ இருக்கிறது, நான் சொன்னது இறங்கவில்லை என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன்.

'ஃபீலிக்ஸ் ராண்டல்' 1880 ஏப்ரலில் லிவர்பூலில் எழுதப்பட்ட ஸானெட். ஹாப்கின்ஸ் 1877இல் குருப்பட்டம் பெற்று, பல ஊர்களுக்கு மாற்றப்பட்டு, அங்கே ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஒரு பெரிய பங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நகரத்து ஏழைகளின் அவலம் தன் மனசில் பதிந்துபோனதைப்பற்றிப் பிறகு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கவிதையின் ஆள் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் தொழிலாளி. நிஜத்தில் அவர் பெயர் ஃபீலிக்ஸ் ஸ்பென்சர், 31 வயதில் காசநோயால் இறந்தவர் என்பது ஆய்வாளர்களின் முடிவு.

கவிதையின் முதல் இரண்டு வார்த்தைகளே அவன் பெயர். அதையடுத்து, அவன் போய்விட்டானா, என் கடமை முடிந்ததா என்று ஒரு குரல். முதல் வாசிப்பில் இந்தக் குரல் கொஞ்சம் வறட்சியாகப் படும். எனக்கு அப்படிப் படாததற்குக் காரணம் என் உத்தியோகம். வங்கியில் என் மேஜையில்தான் இறந்தவர்களின் கணக்குகளை முடிக்கும் வேலை. மரணச் சான்றிதழ், நாமினியின் அடையாள அட்டை, இரண்டு சாட்சிக் கையெழுத்து. மாதாமாதம் பென்ஷன் எடுக்க வந்து, டோக்கனைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, பேரனைப்பற்றிச் சொல்லிவிட்டுப் போகும் கிழவர் ஒருவரின் பெயர் ஒருநாள் சான்றிதழில் வந்து உட்காரும். அப்போது மனசுக்குள் எழுவது ஏறத்தாழ அந்த லிவர்பூல் குரல்தான். ஓ, இவரா, போய்விட்டாரா, சரி. அது இரக்கமின்மை இல்லை. நாள்பட்ட பழக்கத்துக்குள்ளிருந்து துக்கம் வெளியே வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கிறது. கவிதை அந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறது.

அப்புறம் நோயின் வரலாறு. வாட்டசாட்டமான ஆள், நோய் உடைத்துவிட்டது, ஆரம்பத்தில் சபித்திருக்கிறான், திருவருட்சாதனங்கள் பெற்றபின் மெல்ல மனம் தணிந்தது. இதுவரை ஒரு நல்ல பங்குக்குருவின் நாட்குறிப்பு. அதற்குமேல் ஹாப்கின்ஸ் எழுதுவதற்கு எந்த மறையுரையிலும் இடமில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அவர்கள் நமக்கு வேண்டியவர்களாகிவிடுகிறார்கள், நாமும் அவர்களுக்கு வேண்டியவர்களாகிவிடுகிறோம் என்கிறார். தன் நாக்கு அவனுக்கு ஆறுதல் கற்றுக்கொடுத்தது, தன் கை அவன் கண்ணீரைத் தணித்தது, அவனுடைய கண்ணீர் தன் நெஞ்சைத் தொட்டது என்று கணக்கு இரண்டு பக்கமும் எழுதப்படுகிறது. ஆறுதல் கொண்டுபோனவன் அங்கே எதையோ வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறான். டாய்ச்லாண்ட் கவிதையில் இப்படி ஒரு வரவு இல்லை. கூரைக்கும் கப்பலுக்கும் நடுவில் கடல் இருந்தது.

முடிவைக் கவனிக்கவேண்டும். குரு எழுதிய கவிதை சொர்க்கத்தில் முடியவேண்டும் என்று எதிர்பார்ப்போம். அவர் நம்மைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். சாவைப்பற்றிய நினைப்பே இல்லாத காலத்தில், தன் தோழர்களுக்கு நடுவில் பலசாலியாக நின்று, ஒரு பெரிய சாம்பல்நிறப் பாரவண்டிக் குதிரைக்குப் பளபளக்கும் லாடத்தை அவன் அடித்துக்கொடுக்கும் காட்சியோடு கவிதை நின்றுவிடுகிறது. உயிர்த்தெழுதல் என்ற சொல் அதில் இல்லை. ஆனால் நோய் சுருக்கிவிட்ட ஒரு ஆளை அவனுடைய முழு உயரத்துக்கு எழுப்பி நிறுத்தியிருக்கிறார். அவனுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை. அவன் யார் என்று நினைவுகூர்கிறார். ஹாப்கின்ஸின் கிறிஸ்தவ நம்பிக்கை அந்த 35 பாடல்களில் எங்கும்விட இந்த மூன்று வரிகளில் திடமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

4

1884இல் அவரை டப்ளினுக்கு அனுப்பினார்கள். கிரேக்கப் பேராசிரியர். தேர்வுத்தாள்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. குடும்பத்தாரிடமிருந்து மதத்தால் பிரிந்தவர். ஐரிஷ் தேசியம் கொதித்துக்கொண்டிருந்த ஊரில் ஆங்கிலேயர். கண்வலி, தூக்கமின்மை, எதையும் எழுதி முடிக்க முடியாத சோர்வு. நம் நண்பர் சொன்ன ஸானெட்டுகள் பெரும்பாலும் 1885இல் எழுதப்பட்டவை. அந்த வருஷம் நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸுக்கு எழுதிய கடிதத்தில், ரத்தத்தால் எழுதப்பட்டது என்று ஏதாவது இருக்குமானால் இவற்றில் ஒன்று அப்படிப்பட்டது என்ற அர்த்தத்தில் சொல்கிறார். ஆனால் கவிதையை அனுப்பவில்லை. அவர் இறந்தபிறகே அவை பிரிட்ஜஸ் கைக்கு வந்தன.

இவை விசுவாசம் செத்துப்போனதன் சாசனம் என்பது நண்பரின் வாசிப்பு. எனக்கு மூன்று விஷயங்களில் அது பொருந்தவில்லை.

ஒன்று, இந்தக் கவிதைகள் பலவற்றில் முன்னிலை இருக்கிறது. தேற்றரவாளனைக் கூப்பிட்டு உன் தேற்றுதல் எங்கே என்று கேட்கிற கவிதை, அவன் இல்லை என்று தீர்மானித்தவனின் கவிதை ஆகாது. (பழைய தமிழ் பைபிளில் பரிசுத்த ஆவிக்கு வழங்கும் அந்தச் சொல் இங்கே எவ்வளவு கச்சிதம்.) இருளில் கண்விழித்து எழுதிய ஸானெட்டில் தன் கூக்குரல்களை, தொலைவில் வாழும் அன்பானவருக்கு அனுப்பிச் சேராமல்போன கடிதங்களுக்கு ஒப்பிடுகிறார். விலாசதாரர் இல்லை என்ற முத்திரையோடு பதிவுத் தபால்கள் திரும்பி வருவதை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். திரும்பி வந்த கடிதத்திலும் விலாசம் இருக்கும். ஹாப்கின்ஸ் எழுதுவதை நிறுத்தவில்லை, விலாசத்தையும் மாற்றவில்லை.

இரண்டு, அதே கவிதையின் முடிவு. தன் கசப்பே தனக்கு உணவு, தானே தனக்குச் சாபம் என்று எழுதியவர் அடுத்த படியாக நரகத்தைத் தொடுகிறார்: இழக்கப்பட்டவர்களின் நிலையும் இப்படித்தான், ஆனால் இதைவிட மோசம் என்று நிறுத்துகிறார். அந்த ஒப்பீட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. தன் வலியின் உச்சத்திலும், என்னுடையதே கடைசி வலி என்று அவர் உரிமை கொண்டாடவில்லை. நம் கவிதைகளில் விரக்தி பெரும்பாலும் இந்த உரிமையைத்தான் கொண்டாடுகிறது. வேறொருவன் வலி அதற்குள் நுழைய இடமில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பிரிட்ஜஸ் கொடுத்த தலைப்பில் 'பிண ஆறுதல்' என்று மொழிபெயர்க்கக்கூடிய கவிதை விரக்தியை ஒரு செத்த உடலாகப் பார்க்கிறது. உன்னைத் தின்று பசியாற மாட்டேன் என்கிறது. விரக்தியும் ஓர் ஆறுதல்தான், அழுகிய ஆறுதல் என்பதைக் கண்டுகொண்ட கவிதை இது. நம் வட்டம் இதைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். சரி, விரக்தியை மறுத்தவன் அதற்குப் பதிலாக எதை வைக்கிறான்? டாய்ச்லாண்டில் முழங்கிய மீட்பின் திட்டம் எதுவும் இங்கே வரவில்லை. என்னால் ஏதோ ஒன்று முடியும் என்கிறான். எதிர்பார்த்திருக்க முடியும், விடிய வேண்டும் என்று விரும்ப முடியும், இல்லாமல்போவதைத் தேர்ந்தெடுக்காதிருக்க முடியும். இவ்வளவே. மொழியும் அதற்கேற்ப ஒடுங்கிவிட்டது. பழைய சொற்குவியல்கள் குறைந்து, சின்னச்சின்ன ஓரசைச் சொற்கள் முன்னுக்கு வருகின்றன. எண்ணி எண்ணிச் செலவு செய்கிறவனின் மொழி.

இந்த இடத்தில் தமிழில் ஒரு சங்கடம் உண்டு. அதுவே உதவியும் செய்கிறது. பவுல் சொல்லும் மூன்றை எங்கள் பழைய பைபிள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று சொல்லும். ஆனால் பேச்சுவழக்கில் முதல் இரண்டுக்கும் நாம் நம்பிக்கை என்ற ஒரே சொல்லைத்தான் போடுகிறோம். கடவுளை நம்புவதும் நம்பிக்கை. நல்லது நடக்கும் என்பதும் நம்பிக்கை. சாவு வீட்டு வார்த்தைகளின் கோளாறே இந்தக் குழப்பத்தில்தான் இருக்கிறதோ என்று சந்தேகப்படுகிறேன். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு அந்த மூன்றையும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று மாற்றியது. முதலில் கேட்டபோது எனக்கு அந்தச் சொல் செயற்கையாகப் பட்டது. இப்போது இல்லை. எதிர்நோக்குகிறவன் கையில் ஒன்றும் இல்லை. அவன் ஒரு திசையில் பார்த்துக்கொண்டிருக்கிறான். கண்ணுக்குத் தெரிந்துவிட்டதை எவன் எதிர்நோக்குவான் என்பதுதான் பவுலின் வாதமும். 1875இல் ஹாப்கின்ஸிடம் இருந்தது நம்பிக்கை. 1885இல் மிஞ்சியது எதிர்நோக்கு. பின்னது முன்னதைவிடச் சிறியது என்று நான் நினைக்கவில்லை.

அதற்கப்புறமும் அவர் எழுதினார். தன் நெஞ்சின்மேல் தானே கொஞ்சம் இரக்கம் காட்டவேண்டும், ஆறுதலுக்கு வேர்விட இடம் விடவேண்டும் என்று ஒரு ஸானெட். 1888இல் உயிர்த்தெழுதலின் ஆறுதலைத் தலைப்பிலேயே வைத்து ஒரு கவிதை. 1889 மார்ச்சில், எரேமியாவின் வழக்காடலை எடுத்துக்கொண்டு எழுதிய ஸானெட்டில் கடவுளை 'ஐயா' என்ற தோரணையில் விளிக்கிறார். மேலதிகாரியிடம் மனுக் கொடுக்கிற குமாஸ்தாவின் குரல் அது. நீர் நியாயவான்தான், நான் கேட்பதும் நியாயம்தான், கெட்டவர்கள் ஏன் செழிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, கடைசியில் தன் வேர்களுக்கு மழை கேட்கிறார். மழை வந்ததா என்று கவிதை சொல்லவில்லை. அந்த ஜூன் 8ஆம் தேதி டைஃபாய்டில் இறந்தார். வயது 44. கவிதைகளை பிரிட்ஜஸ் 1918இல்தான் புத்தகமாக்கினார். 750 பிரதிகள், விற்றுத் தீரப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு அந்தக் கணக்கு புரியும்.

5

மொட்டைமாடியில் நான் பேசாமலிருந்ததற்குக் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் எங்களுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்து இரண்டாம் நாள் இறந்துபோனது. நண்பர்கள் சிலருக்குத் தெரியும். நான் அதைப்பற்றிப் பேசியதோ எழுதியதோ இல்லை. சபையிலிருந்து வந்தார்கள். தோட்டக்காரரும் பூவும் வந்தது. என் மனைவி எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். இலக்கிய நண்பர் ஒருவரும் வந்தார். வாழ்க்கையில் இதற்கெல்லாம் அர்த்தமே இல்லை, அதை ஏற்றுக்கொள்வதுதான் விடுதலை என்று மெதுவான குரலில் சொன்னார். அவரும் மனதாரத்தான் சொன்னார். இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நின்றிருந்தார்கள் என்பது அன்று ராத்திரி எனக்கு விளங்கியது. ஒருவர் அர்த்தம் உண்டு என்றார், மற்றவர் இல்லை என்றார். இரண்டையும் சொல்லக் கூரை வேண்டியிருந்தது.

மறுநாள் விடிகாலையில் அந்த லாரிக்காரர் வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. எப்படிக் கேள்விப்பட்டார் என்று தெரியாது. ராத்திரி பஸ் ஏறி வந்திருக்கிறார். ஒரு தூக்குவாளியில் இட்லி. என் பக்கத்தில் பெஞ்சியில் உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பேரு வச்சிருந்தியளா?" என்று கேட்டார்.

வைத்திருந்தோம். ஆனால் ஞானஸ்நானம் ஆகவில்லை, பதிவேட்டில் குழந்தை என்று மட்டும்தான் இருந்தது, யாரும் கேட்கவில்லை. நான் பெயரைச் சொன்னேன். இன்னொரு மனிதனுக்குக் கேட்கும்படியாக அந்தப் பெயரை நான் சொன்னது அதுதான் முதல்தடவை. அவர் அதை ஒருமுறை திருப்பிச் சொன்னார். உள்ளே என் மனைவி அழுவது கேட்டது. அதுவரை அவள் அழுதிருக்கவில்லை. அவர் போகும்போது ஜெபம் பண்ணினாரா என்றால், பண்ணினார். நாலே வார்த்தை. அதில் விளக்கம் எதுவும் இல்லை, அவளுடைய பெயர் இருந்தது.

அதற்குப்பிறகுதான் 'ஃபீலிக்ஸ் ராண்டல்' பெயரோடு ஏன் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வயதில் அவர் வீட்டில் நான் பேசியபோது அவருடைய மகன் பெயரை ஒருதடவைகூடச் சொல்லவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கலாமென்று வாயெடுத்தேன். அவர் தூக்குவாளியைத் திறந்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிடச் சொன்னார்.

நண்பருக்கு என் பதில் இதுதான். பாதிரி தோற்ற இடத்தில் கவிஞன் பிறக்கவில்லை. கூரைக்கடியிலிருந்து பேசிய நம்பிக்கை டப்ளினில் தோற்றது, தோற்கவேண்டியதுதான். தன்னைப்பற்றி மட்டுமே, தன்மை ஒருமையில் மட்டுமே, எதிர்நோக்கி இருக்க என்னால் முடியும் என்று சொல்கிற ஒரு நம்பிக்கை அங்கே தப்பியது. அதை இன்னொருவனுக்காக நான் சொல்ல முடியாது. இன்னொருவனுக்காகச் செய்யக்கூடியது அவனருகில் உட்கார்ந்து, அவன் பெயரைச் சரியாகச் சொல்வது. லிவர்பூலில் பட்டறையை நினைவுகூர்ந்தவனும் டப்ளினில் விடியலை விரும்பியவனும் ஒரே ஆள். ஒருவனை வைத்துக்கொண்டு மற்றவனைத் தள்ளிவிட முடியாது.

நான் விசுவாசியா என்று நண்பர் அடுத்த கூட்டத்தில் கேட்பார். சபைக்கு எப்போதாவதுதான் போகிறேன். அந்த முழங்கும் நம்பிக்கை எனக்கு இனி வராது என்று நினைக்கிறேன். மற்றதைப்பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.